நாலாவது கார்டின் பசி

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் துணி காயப்போட ஒரு நீளக் கம்பியும் இருந்தன, அந்த எட்டு வீடுகளின் கோபத்தையும் என் கம்ப்யூட்டர் தின்ன ஆரம்பித்தது ஆனி மாத நடுவில், குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஒரு காலையில் என்று இன்றைக்கும் ஆவாரம்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆளோட கருமித்தனமுங்க" என்று என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டவும் மறக்கமாட்டார்கள். அது பாதிதான் உண்மை. கருமித்தனத்தோடு பகட்டும் இருந்தது.

என் பெயர் பூபதி. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு எல்.இ.டி திரை வைக்கிறார்களே, அதில் ஓடும் படங்களைச் செய்கிறவன். என் படங்களில் மாப்பிள்ளை மேகத்திலிருந்து யானைமேல் இறங்குவார், பெண் தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவாள், இருவர் பெயரும் தங்க அருவியாகக் கொட்டும், சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி எந்தப் பக்கம் என்று தேடுகிற கூட்டம் அதில் எதையும் பார்க்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால், ஆவணிக்கு வேண்டிய மேகங்களை ஆடியிலேயே செய்து வைத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம். அந்த வருஷம் ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் கிடைத்தது. என் பழைய கம்ப்யூட்டர் ஒரு யானை ஒருமுறை காதை ஆட்டுவதற்கு அரை நாள் எடுத்துக்கொள்ளும். முதலாளிக்கோ யானைப் படையே வேண்டுமாம். அதனால் படம் வரைவதற்கென்றே நாலு கிராஃபிக்ஸ் கார்டு போட்ட புது கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டுவது என்று முடிவெடுத்து, காந்திபுரத்தில் ஷாஜகான் பாய் கடைக்குப் போனேன்.

பாய் கார்டுகளை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணொண்ணும் முந்நூத்தம்பது வாட் குடிக்குமுங்க. பிராசசர், மத்ததெல்லாம் தனி. கூட்டினா ஆயிரத்தெண்ணூறு வரும். வேலை சூடு பிடிச்சா கண்ணிமைக்கிற நேரத்துக்கு அதுக்கும் மேல எகிறும். ரெண்டாயிரம் வாட் பவர் சப்ளைக்குக் கொறஞ்சு வாங்காதீங்க."

"நாலும் ஒரே நேரத்துலயா குடிக்கப் போகுது பாய்?"

"பந்தி போட்டா எல்லாரும் ஒரே நேரத்துலதானுங்க உக்காருவாங்க."

பாய் சொன்னது எனக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கண், கடை மூலையில் இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டிமேல் இருந்தது; நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் மின்னுகிற விசிறிகள், சும்மா வைத்தாலே ஒரு சின்ன மாரியம்மன் பண்டிகை. எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை என்பதோ பெட்டியின் அடியில், தகரத்துக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற ஒரு கறுப்புச் செங்கல். யாருக்குத் தெரியப் போகிறது? பட்டு வேட்டிக்கு மேல் ஜரிகைத் துண்டும் போட்டுக்கொண்டு உள்ளே ஓட்டைப் பனியனோடு மாப்பிள்ளை மணவறையில் உட்காருகிறதில்லையா? கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பவர் சப்ளையை எண்ணூத்தம்பது வாட்டில் முடித்துக்கொண்டேன். அதில் நாலு கார்டுக்கும் போதுமான ஒயர்கூடக் கிடையாது. ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கிற துண்டுகளை வாங்கி ஒட்டுப்போட்டேன். பாய் பில்லைக் கொடுக்கும்போது, "யாராச்சும் கேட்டா எங்க கடைன்னு சொல்லாதீங்க" என்றார்.

வீட்டில் ஓடவிட்டதும் விளக்குகள் ஜொலித்தன, காம்பவுண்டே வந்து பார்த்தது, நான் யானைப் படையை ரெண்டர் செய்து படமாக்கச் சொன்னேன், எல்லாம் பொத்தென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. இப்படியே சில நாள், யானைகளுக்கு முதல் கால் தூக்குவதற்குள் உயிர் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி கோகிலா, மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தக் கண்ணாடி டப்பாவுக்கு அகல்விளக்கு ஏத்தி வெச்சிருந்தாலும் இவ்வளவு நேரம் எரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீதியைச் சாயங்காலம் வந்து சொல்வதாகவும் சொன்னாள்.

முதலில் சொன்ன அந்தத் தண்ணீர் நாள் காலையில், குழாயடியில் பாப்பாத்தியக்காவும் ரெஜினாக்காவும் வழக்கம்போல் யார் குடம் முதலில் வந்தது என்று தொடங்கி, யாருடைய அண்ணன் ஓடிப்போனான் என்பது வரைக்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். நான் உள்ளே நம்பிக்கையே இல்லாமல் பட்டனை அழுத்தினேன். அணையவில்லை. விசிறிகள் ஆடிக்காற்று மாதிரி இரைந்தன, நாலு கார்டும் ஒன்றாக எழுந்து நின்றன, திரையில் யானைகள் நடந்தன. வெளியே பாப்பாத்தியக்கா இரண்டு கையையும் தூக்கி, "நீயெல்லாம் நாசமா..." என்று ஆரம்பித்தவள், வாய் திறந்தபடியே ஒரு கணம் நின்று, "...சரி, நீயே முதல்ல பிடிச்சுக்க ரெஜினா" என்றாள். ரெஜினாக்கா, "வேண்டாங்க்கா, நீங்க பிடிங்க" என்றாள். இரண்டு பேரும் ஒதுங்கி நின்றதில் தண்ணீர் கீழே போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்கள் காம்பவுண்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. யாரும் வாயைப் பிளக்கவும் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வடமலை அண்ணன், மீதிச் சில்லறைக்காகப் பாதி கோயம்புத்தூரோடு சண்டை போட்டவர், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கரண்டு பத்தலைன்னா பக்கத்துல எங்கியாச்சும் எடுக்கத்தானே செய்யும்? நம்ம பக்கத்துல என்ன இருக்குது, சண்டையும் கோபமும்தான் இருக்குது" என்றார். பட்டறைகள் நிறைந்த ஊர் அல்லவா, இழுக்கிற மோட்டார் இழுக்கத்தான் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் என் வீட்டு முன்னறை என் வீட்டு முன்னறையாக இல்லை. அடுத்த தெருவில் சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் வக்கீலோடு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். வக்கீல் மட்டும் முகம் வாடிப் போனார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் திருத்த வேண்டிய விடைத்தாள்களை இங்கே கொண்டுவந்து திருத்தினார். அந்த வகுப்பில் அந்த முறை யாரும் ஃபெயிலாகவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சவாரிக்குப் போகும் முன் ஒரு நிமிஷம் வந்து நின்றார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டாயம் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆரம்பித்தார்கள், யாரோ பெட்டிமேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், யாரோ மல்லிகைச் சரம் சுற்றினார்கள், அது விசிறியில் மாட்டி அறை முழுக்கப் பூ இறைந்தது. நான் நடுவில் ஒரு பூசாரியின் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் யானைகள் அருமையாக நடந்தன. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பாப்பாத்தியக்காவின் முகஜாடை வந்திருந்தது, அதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நாலு கார்டின் பசி பெரிய பசி. எட்டு வீட்டுக் கோபம் எத்தனை நாளைக்கு வரும்? காம்பவுண்டு அமைதியாக அமைதியாக யானைகளின் நடை தளர்ந்தது. அப்போது நான் செய்த காரியங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். யாருக்காவது கோபம் வரட்டுமென்று குழாயை மூடி வைத்தேன். சீரியலில் கதாநாயகி விஷப்பால் குடிக்கப் போகிற நேரம் பார்த்துக் காம்பவுண்டுக்கே கேபிளைப் பிடுங்கிவிட்டேன். வடமலை அண்ணனிடம் போய், கண்டக்டர்கள் எல்லோரும் சில்லறை திருடுகிறவர்கள் என்று சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "இருக்கும் தம்பி, யாரு கண்டா" என்றார். ஒரு காலத்தில் இதே வார்த்தைக்கு ஒரு போலீஸ்காரரைப் பஸ்ஸைவிட்டு இறக்கியவர் அவர். கடைசியில் என் கோபத்தையாவது கொடுக்கலாம் என்று பெட்டிமுன் உட்கார்ந்து பல்லைக் கடித்து முயற்சி செய்தேன். ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் எரிச்சலும் முணுமுணுப்பும்தான். அது எந்தக் காலத்திலும் எதற்கும் உதவாது என்று என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

கோகிலாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் சாயங்காலம் அவளை பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவர மறந்துபோனேன். காற்றிலும் தூறலிலும் நடந்தே வந்து, நனைந்த தலையோடு வாசலில் நின்றாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள், "பரவாயில்லீங்க" என்று சொல்லி எனக்கு டீ போட்டாள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சந்தோஷத்தில் மிதந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைக்காத சாந்தி, ஒட்டுப்போட்ட ஒயர் வழியாக என் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

சில நாள் போனதும்தான் வீட்டில் ஒரு சத்தம் குறைகிறதே என்று தோன்றியது. சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஏன் இருமுகிறாய் என்று கேட்பதில்லை. சட்டையில் பட்டன் இல்லாமல் வெளியே போனேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோபம் போன வழியிலேயே கேள்வியும் போய்விட்டிருந்தது. நான் என்ன சொன்னாலும் "சரிங்க" என்றாள், வாடகைக்கு வந்தவள் வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி. எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது, ஆனாலும் கல்யாணப் படத்தில் மேகக் காட்சி இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது, பொறுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்த வாரம் காம்பவுண்டு ஓனர் அருணகிரி வந்தார். பக்கத்தில் துணைக்கு இரண்டு தடியன்களைக் கூட்டி வந்திருந்தார். குழாயடியில் நின்று தொண்டையைச் செருமி, "இதையெல்லாம் இடிச்சுப்போட்டு மண்டபம் கட்டறேன். ஆடிப்பெருக்கன்னிக்கு அளவு எடுக்க ஆளோட வருவேன், அதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிரோணும்" என்றார்.

ஆடியில் வீடு மாறச் சொன்னார். ஆடியில் ஒரு ஆணிகூட அடிக்காத ஊரில், புதுப்பெண்ணைக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மாதத்தில், பால் காய்ச்ச ஒரு பயல் வீடு தராத காலத்தில் எட்டுக் குடும்பத்தைத் தெருவில் இறங்கச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே எங்கள் காம்பவுண்டு அவர் வேட்டியை உருவிக் கம்பியில் காயப்போட்டிருக்க வேண்டும்.

"சரிங்க" என்றாள் பாப்பாத்தியக்கா.

"சரிங்க சார்" என்றாள் ரெஜினாக்கா.

அருணகிரி திடுக்கிட்டுப் போனார். "என்ன, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டீங்களா?" என்று தடியன்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொன்னா ஏதாச்சும் ரோசனை பண்ணித்தானுங்க சொல்லுவீங்க" என்றார் வடமலை அண்ணன்.

நான் ஒருவன்தான் முன்னால் போனேன். "இது அவ்வளவு சரியில்லீங்களே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். வீட்டுக்குள் வந்தால் கோகிலா பழைய புடவையை விரித்துப் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கோகிலா போறது?"

"எங்கியாச்சும் போலாமுங்க" என்றாள், நிமிராமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சமையலறையில் ஜன்னல் வைத்துத் தராமல் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்று இதே அருணகிரியை இதே வாசலில் மூன்று மணி நேரம் நிற்கவைத்தவள் அவள். நேரே போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. கார்டுகளின் ஒயரை இழுத்துப் பார்த்தேன். குழந்தை பால்புட்டியைப் பிடித்திருக்கிற மாதிரி விடவே இல்லை. பிளக் தரையில் கிடக்க, யானைகள் திரையில் நடக்க, நான் காந்திபுரத்துக்கு ஓடினேன்.

ஷாஜகான் பாய் முழுக்கக் கேட்டார். அவரும் ஆச்சரியப்படவில்லை. "பசிச்சவன் வாயில இருக்கறத பிடுங்கினா விடுவானுங்களா? முழுச்சாப்பாடு போடுங்க. புது பவர் சப்ளைய வெச்சு, ஒவ்வொரு கார்டுக்கும் அதுக்குண்டான ஒயரப் பக்கத்துல கொண்டு போங்க. வயிறு நெறஞ்சா பழசத் தானா துப்பிரும். துப்பறப்போ எடுத்ததெல்லாம் எடுத்தவங்களுக்கே திரும்பிப் போகும்." பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது ரெண்டாயிரம். நாலு கார்டும் தாராளமா சாப்பிடும். இது ஆயிரத்தறுநூறு. இதுல மூணுதான் நெறையும். நாலாவது பட்டினி."

"நாலாவது யாருதை வெச்சிருக்கும் பாய்?"

"கடைசியா பிடிச்சத. வீட்டுக்குள்ளயே இருக்கறத."

நான் இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன். இப்போது கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை, இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புச் செங்கல். சின்னதை எடுத்தால் ஏழு வீட்டுக்குக் கோபம் திரும்பிவிடும், அருணகிரியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வீடு தப்பிக்கும். என் வீட்டில் மட்டும் ஆயுள் முழுக்க "பரவாயில்லீங்க". எந்தப் புருஷனுக்கு இப்படி ஒரு பெட்டி கடையில் கிடைக்கும்? கை சின்னதின் பக்கம்தான் போயிற்று.

அப்போது பொள்ளாச்சி மண்டபம் ஞாபகம் வந்தது. பழைய கதை. ஒரு முகூர்த்தத்தில், தங்க அருவியில் நான் போன வாரக் கல்யாணப் பெண்ணின் பெயரை மாற்றாமல் ஓடவிட்டுவிட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் போன வாரப் பெண் பெயர் ஆளுயரத்தில் மின்னுகிறது. மாமன்மார் எல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். கோகிலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, நான் பிறந்ததிலிருந்து செய்த தப்புகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் ஒரு பெரிய மாமன் கண்கலங்கி, "விடும்மா, பாவம், தங்கமான பையன்" என்று என்னை அணைத்துப் பந்தியில் உட்காரவைத்தார். அந்தக் கோபத்துக்குள்தான் நான் இத்தனை நாள் குடியிருந்திருக்கிறேன்.

"பெரிசைக் கொடுங்க பாய்" என்றேன். அதற்குப் பணம் புரட்டிக் கைக்கு வாங்க ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி ஆகிவிட்டது.

ஆடிப்பெருக்கன்று காலை குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாசல்தோறும் மூட்டைகள். அருணகிரி அளவு நாடாவோடு வந்து துணிக்கம்பியை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார், ரெஜினாக்கா அவருக்கு ஸ்டூல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே தரையில் உட்கார்ந்து, புதுச் செங்கலைச் சுவரிலிருந்த பெரிய பவர் சாக்கெட்டில் செருகி, முதல் கார்டுக்கு ஒயரைக் கொண்டுபோனேன். கார்டு முகர்ந்து பார்த்தது போல ஒரு கணம் நின்று, வாங்கிக்கொண்டது. பழைய ஒயர் கழன்று விழுந்தது. வெளியே பாப்பாத்தியக்காவின் குரல் கேட்டது: "ஏன் ரெஜினா, இந்தாளுக்கு எதுக்குடி ஸ்டூலு?"

"அதைத்தான்கா நானும் யோசிக்கறேன்" என்றாள் ரெஜினாக்கா. ஸ்டூல் இழுபடுகிற சத்தமும் யாரோ விழுகிற சத்தமும் கேட்டன.

இரண்டாவது கார்டுக்கு வடமலை அண்ணன் எழுந்தார். "ஏய்யா, ஆடியில வீடு மாறச் சொன்ன மொத ஆளு நீதான்யா! அட்வான்ஸு எங்க, அக்ரிமெண்டு எங்க, எடு வெளிய!" மூன்றாவது கார்டுக்கு மீதி வீடுகள் எல்லாம் மூட்டைகளை உதைத்துக்கொண்டு வெளியே வந்தன, சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளும் அடுத்த தெருவிலிருந்து கத்துவது கேட்டது. ஆனாலும் அருணகிரி அசரவில்லை. தடியன்கள் முன்னால் வந்தார்கள். கோர்ட், போலீஸ் என்று அவரும் குரலை உயர்த்தினார்.

நாலாவது ஒயரைக் கையில் எடுத்தேன். அறை மூலையில் கோகிலா கடைசி மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு, போகலாமா என்று அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே மாட்டினேன்.

பாய் சொன்ன எகிறல் அதுதான். விளக்குகள் ஒருமுறை மங்கி, மீண்டும் எரிந்தன. கோகிலா மூட்டையைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்குள் வைத்து வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் பின்னாலேயே வந்தாள். அருணகிரி அவளைக் கண்டதும் ஜன்னல் ஞாபகத்தில் இரண்டடி பின்வாங்கினார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏய்யா," என்றாள் என்னை. "மழையில நான் நனைஞ்சு வந்தேன், நீ டீ குடிச்சே. குடிச்சியா இல்லையா? நாலு பேரு கண்ணுல படறதுக்குக் கண்ணாடி, கண்ணுல படாததுக்கு ஓட்டைன்னு வாங்கிட்டு வந்து, ஊரு கோபத்தையெல்லாம் யானைக்குப் போட்டியே, உனக்கு வெக்கமா இல்ல? பட்டன் இல்லாத சட்டைய மாட்டிட்டு ஊரெல்லாம் சுத்தினியே, யாரு உம் பொண்டாட்டின்னு கேட்டா எம் பேரைத்தானே சொல்லுவாங்க! இருமலுக்கு மருந்து குடிச்சியா? குடிச்சிருக்கமாட்டே!" இப்படி ஆரம்பித்து, ஒட்டுப்போட்ட ஒயரிலிருந்து பொள்ளாச்சி மண்டபம் வரைக்கும், அங்கிருந்து பெண் பார்க்க வந்த அன்று நான் பஜ்ஜியைச் சட்டையில் கொட்டியது வரைக்கும் போனாள். குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது. காம்பவுண்டே தன் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்டது. தடியன்களில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டான், இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்களுக்கும் வீடு இருந்திருக்க வேண்டும். அருணகிரி நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இவருக்கே இந்த கதின்னா..." என்று முணுமுணுத்து, "மண்டபத்தப் பொறகு பார்த்துக்கலாமுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார். இன்றுவரைக்கும் வரவில்லை.

பாப்பாத்தியக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கோகிலா வாங்கிக் குடிக்க நிறுத்தினாள். திரும்பவும் "பரவாயில்லீங்க" வந்துவிடுமோ என்று பயந்து, கிட்டே போய் மெதுவாகக் கேட்டேன்:

"இன்னும் இருக்குதா கோகிலா?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள், என் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தை விரலால் பிடித்து இழுத்தாள்.

"ஆயுசுக்கும் இருக்குது" என்றாள்.